அடிச்சாரு, கொளுத்தலை

தீப்பிடித்த அன்று காலையில் தொம்மை தன் பெண்டாட்டி அக்னஸை அடித்திருந்தான். பிறகு நடந்த அத்தனைக்கும் அந்த அடிதான் வினையாகப் போயிற்று.

தொம்மை மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவன். கல் மாதிரி உடம்பு. மண்டியில் அவனைப் போலத் தூக்க ஆள் கிடையாது. குடித்தால் அவனைப் போலக் கத்தவும் ஆள் கிடையாது. முந்தின நாள் பாண்டிச் சாராயத்தில் கூலி கரைந்துவிட்டது. விடிந்ததும் அக்னஸ் அதைக் கேட்டாள். அவன் அறைந்தான். அவள் விடவில்லை, அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டினாள். திண்டிவனத்தில் ரயில்வே லைனுக்கு அந்தாண்டை அவர்கள் இருந்த சந்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர். இவர்கள் சண்டை போட்டால் சந்தே வாசலுக்கு வந்துவிடும். அன்றைக்கும் வந்தது. எதிர்வீட்டுக் கெங்கம்மாள் எட்டிப் பார்ப்பதைக் கண்டு, மானம் போகிறதே என்று தொம்மை கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

அக்னஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு இட்லிக் குண்டானை எடுத்தாள். காலையில் வாசலில் இட்லி விற்பதுதான் அவள் பிழைப்பு. விறகுப் புகையில் கண் எரிகிறது என்று மாசிலாமணி பாத்திரக்கடையில் புதிதாக ஒரு பம்ப் ஸ்டவ் வாங்கியிருந்தாள். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பம்ப் அடித்தாள். நீல ஜுவாலை சீறிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் வேகம் வரட்டும் என்று குனிந்து இன்னொரு தடவை அடித்தாள்.

டேங்கின் அடிப்பக்கம் பிளந்துகொண்டது. பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். கொதிக்கிற மண்ணெண்ணெய் அவள் கழுத்திலும் மார்பிலும் பீய்ச்சி அடித்தது. அதன் பின்னாலேயே தீ. நைலக்ஸ் புடவை உடம்போடு ஒட்டிக்கொண்டு எரிந்தது. அவள் எழுந்து ஓடப் பார்த்துச் சுவரில் மோதினாள். தன் முடி எரிகிற வாடை தனக்கே வந்தது. தொம்மை கோணிச்சாக்கை உதறிக்கொண்டு அவள் மேல் பாய்ந்தான். கீழே தள்ளிப் புரட்டினான். எரிகிற புடவையை வெறும் கையால் பிய்த்தான். அவள் தோலும் அதோடு வந்தது.

தாழ்ப்பாளைத் திறந்து அவன் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது சந்தில் இருந்தவர்கள் கண்டது இவ்வளவுதான்: கொஞ்சம் முன்னே பெண்டாட்டியை அடித்தவன், கதவைத் தாழ்ப்பாள் போட்டவன், உடம்பெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றத்தோடு நிற்கிறான்; கையில் வெந்த உடம்பு.

"கொளுத்திட்டான்டீ பாவி!" என்று ஒரு குரல் கேட்டது. அந்த வார்த்தை ஆம்புலன்ஸுக்கு முன்னாலேயே ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

அக்னஸின் தம்பி அந்தோணி பிரபு லாரி டிரைவர். ஓமந்தூர்ப் பக்கம் குடியிருந்தான். அம்மா அப்பா போனபிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அக்காதான். சேதி கேட்டதும் லாரியை அப்படியே திருப்பிக்கொண்டு புதுச்சேரி பெரியாஸ்பத்திரிக்கு வந்தான். தீக்காய வார்டுக்குக் கீழே, வேப்பமரத்தடியில், இரண்டு கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு தொம்மை உட்கார்ந்திருந்தான். பிரபு ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜாக்கி ராடை எடுத்து வந்து அவன் வலது முட்டியில் இறக்கினான். தொம்மை விழுந்தான். விழுந்த பிறகும் அதே முட்டியில் மறுபடி இறக்கினான். கட்டுப் போட்ட கையால் தொம்மை தடுத்தான். அந்தக் கை மேலும் விழுந்தது. வாட்ச்மேன்கள் வந்து இழுப்பதற்குள் முட்டிச்சில்லு தூளாகிவிட்டது.

மேலே ஜன்னலோரக் கட்டிலில் உடம்பெல்லாம் மருந்து பூசி, கொசுவலைக்குள் படுத்திருந்த அக்னஸுக்கு அந்த அலறல் கேட்டது. யாருடைய குரல் என்று தெரிந்தது. கூப்பிட வாயைத் திறந்தாள். உதடு வெடித்து ரத்தம் வந்ததே தவிரச் சத்தம் வரவில்லை.

மறுநாள் மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் கேட்டார். பிழைப்பாள் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

"உன் புருஷன் உன்னை அடிச்சாராம்மா?"

"அடிச்சாருங்க."

"மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்தினாரா?"

"கொளுத்தலைங்க. ஸ்டவ் வெடிச்சிடுச்சி. அவரு அணைச்சாரு."

"பயப்படாம சொல்லும்மா. இங்க யாரும் இல்ல."

"அடிச்சாருதாங்க. கொளுத்தலை."

அவர் அப்படியே எழுதிக்கொண்டு போனார். அதனால் ஸ்டேஷனில் தொம்மை மேல் வழக்கு நிற்கவில்லை. ஆனால் அதற்குள் போலீஸ்காரர்கள் அவனைப் பிடித்துப்போய்த் தங்கள் பங்குக்கு அடித்து முடித்திருந்தார்கள். அவன் வெளியே வந்தபோது கடைவாய்ப் பல் இரண்டு இல்லை. முட்டி மடங்கவில்லை. மண்டியில் அவனுக்கு இனி வேலையும் இல்லை.

பிரபு அந்த வாக்குமூலத்தை நம்பவில்லை. கட்டில் பக்கத்தில் நின்று அழுதான்.

"இன்னும் எதுக்குக்கா அவனைக் காப்பாத்திக்கினு கீற? கொழந்தைக்கு அப்பன் வேணும்னு பாக்குறியா? நான் இருக்கேன்."

"பிரபு, சத்தியமா சொல்றேன்டா."

"நீ சத்தியம்தான் பண்ணுவ. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

வெடித்த உதடு அவளை மேலே பேச விடவில்லை.

பிழைத்தாள். தாடை மார்போடு ஒட்டிக்கொண்டது. அதை அறுத்து, தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டினார்கள். கழுத்தை ஒரு பக்கம்தான் திருப்ப முடிந்தது. வார்டிலிருந்து பிரபு அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனான். மகள் இருதயசெல்வி, ஆறு வயசு, தீப்பிடித்த அன்றிலிருந்து அங்கேதான் இருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து முதலில் பயந்தாள், பிறகு பழகிவிட்டாள். ஒரு நாள் தொம்மை கோலை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றான். குழந்தை அவனைப் பார்த்ததும் வீறிட்டுக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்தது.

"என்னைக் கொளுத்தாத! என்னைக் கொளுத்தாத!"

தொம்மை வந்த வழியே திரும்பினான். அவன் தோள் குலுங்குவதை அக்னஸ் பின்னாலிருந்து பார்த்தாள். அன்று சாயங்காலமே துணியை மூட்டை கட்டினாள். பிரபு வாசலை மறித்துக்கொண்டு நின்றான்.

"நீ வேணா போய்ச் சாவு. புள்ளைய வுட மாட்டேன்."

அவள் மகளை விட்டுவிட்டுத்தான் தொம்மையிடம் போனாள். போகும்போது அவள் மனசில் இருந்தது ஒன்றே ஒன்று. தான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். இவர்கள் நம்புகிற மாதிரி வேறு யாராவது சொல்ல வேண்டும்.

முதலில் கடைக்குத்தான் போனாள். மாசிலாமணி அவள் முகத்தைப் பார்த்ததும் கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, மெதுவான பேச்சு.

"அய்யய்யோ, இன்னாம்மா இது கொடுமை. ஒண்ணு பண்றேன். வேற ஸ்டவ் எடுத்துக்க, நல்ல கம்பெனி. குடுத்த காசையும் திருப்பித் தரேன். அந்தப் பழசை மட்டும் கொணாந்து போட்டுடு."

"காசு வேணாங்க. ஸ்டவ் கோளாறு, அதான் வெடிச்சிதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போதும்."

அவர் முகம் மாறியது. கடைப்பையன்களைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார்.

"புருஷன் கொளுத்தினதுக்கு என் கடைதான் கெடைச்சிதா? ஊரே சொல்லிக்கினு கீது. போ வெளிய."

அவள் நகரவில்லை. அவர் அவள் தோளைப் பிடித்துப் படியில் தள்ளினார். புதிதாக ஒட்டிய தோல் மார்பில் கிழிந்து ரவிக்கை நனைந்தது. கடைத்தெருவில் எல்லாரும் பார்த்தார்கள். அவள் தானே எழுந்து தானே நடந்து போனாள்.

கிழிந்ததற்குக் கட்டுப் போட மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வார்டு சிஸ்டர் ரோஸ்லின் முழுக்கதையையும் கேட்டாள். ரோஸ்லினின் அண்ணன் ஒரு டிவி வாங்கி ஏமாந்து, விழுப்புரத்தில் கேஸ் போட்டு ஜெயித்திருந்தார்.

"போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இல்லக்கா அது. நுகர்வோர் கோர்ட்டுன்னு சொல்வாங்க. வக்கீல் வேணாம். ஃபீஸ் கெடையாது. வெள்ளைப் பேப்பர்ல எழுதிக் குடுத்தாப் போதும். பொருள் கெட்டதா நல்லதான்னு அவங்களே பரிசோதனைக்கு அனுப்பிப் பாத்துடுவாங்க."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் அக்னஸ் விழுப்புரம் பஸ் ஏறினாள்.

மாவட்ட நுகர்வோர் குறைதீர் மன்றம் என்ற பலகை பெரிதாக இருந்தது. உள்ளே இருந்த கூடம் பள்ளிக்கூட வகுப்பு மாதிரிச் சின்னது. மேடையில் மூன்று நாற்காலி. நடுவில் தலைவர், ரிட்டையரான ஜட்ஜ். அவருக்கு இடப்பக்கம் ஓர் ஆண் உறுப்பினர், வலப்பக்கம் பிரபாவதி என்கிற அம்மா. ரோஸ்லின் எழுதிக் கொடுத்த மனுவைக் கடை ரசீதோடு சேர்த்து அக்னஸ் கொடுத்தாள். ஆபீஸில் ஒருவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "இன்னா கேக்கறன்னு எழுதலியேம்மா? பணம் திரும்ப வேணுமா, நஷ்டஈடு வேணுமா?" என்றார்.

"எங்க வூட்டுக்காரரு கொளுத்தலைன்னு சொல்லணும்."

"அதெல்லாம் இங்க சொல்ல மாட்டாங்கம்மா. அடுப்பு கெட்டதுன்னு வேணா சொல்லுவாங்க."

"அத்த சொன்னாப் போதும்."

அவர் சிரிக்கவில்லை. பேனாவை வாங்கித் தானே கீழே இரண்டு வரி சேர்த்தார்: அடுப்பின் விலையைத் திருப்பித் தரவும், காயத்துக்கு நஷ்டஈடு வழங்கவும்.

நோட்டீஸ் போய், பதில் வந்து, வாய்தா மேல் வாய்தா ஓடியது. அக்னஸ் ஒரு வாய்தாவையும் தவறவிடவில்லை. மாசிலாமணிக்காகக் கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல் வந்தார். முதலில் அவர், இவள் நுகர்வோரே இல்லை என்றார். இட்லி விற்று லாபம் பார்க்கிற வியாபாரி, வியாபாரத்துக்கு வாங்கிய பொருளுக்கு இங்கே வழக்கு இல்லை என்றார்.

"ஆள் வெச்சு ஓட்டல் நடத்தறியாம்மா?" என்று தலைவர் கேட்டார்.

"நானேதாங்க அரைப்பேன், நானேதாங்க விப்பேன்."

"சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியது. நுகர்வோர்தான். அடுத்தது சொல்லுங்க."

அடுத்ததுதான் பெரிய அடி. வக்கீல் ஒரு பிரமாண வாக்குமூலத்தை எடுத்து நீட்டினார். அக்காவைக் கொளுத்தியது அவள் புருஷன்தான், முன்பும் பல தடவை கொல்லப் பார்த்தான், என்று கையெழுத்துப் போட்டிருந்தது அந்தோணி பிரபு. மாசிலாமணி அவனைத் தேடிப் போய், 'உன் அக்காவை அவன் மெரட்டித்தான் என் மேல கேஸ் போட வெச்சிருக்கான்' என்று சொன்னதை அவன் அப்படியே நம்பியிருந்தான். கூடத்தின் பின்பக்கம் அவன் நின்றுகொண்டிருந்தான். அக்னஸ் முழு உடம்பையும் திருப்பித்தான் அவனைப் பார்க்க முடிந்தது.

"சொந்தத் தம்பியே சொல்றார். அடுப்பு வெடித்ததுக்கு என்ன ஆதாரம்? அந்த அடுப்பு எங்கே?" என்று வக்கீல் குரலை உயர்த்தினார்.

"வூட்லதாங்க கீது," என்றாள் அக்னஸ்.

வக்கீல் இதை எதிர்பார்க்கவில்லை. வெந்துபோன அடுப்பை யார் வைத்திருப்பார்கள், பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்று நினைத்திருந்தார். பிரபாவதி முன்னால் சாய்ந்தார்.

"யாரும் கழட்டலையே? ரிப்பேர் எதுவும் பண்ணலையே?"

"இல்லீங்கம்மா. வெடிச்சது வெடிச்ச மாதிரியே கீது. அவரு கோணியில சுத்தி வெச்சிருக்காரு."

மூன்று பேரும் குனிந்து பேசிக்கொண்டார்கள். அடுத்த வாய்தாவுக்கு அடுப்பைக் கொண்டுவர வேண்டும், மன்றம் அதை முத்திரை வைத்துச் சென்னைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பும் என்று தலைவர் சொன்னார். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த மாசிலாமணி வக்கீலின் கோட்டைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னார். அவர் நெற்றியில் சந்தனம் கரைந்து வழிந்தது.

வாய்தாவுக்கு முந்தின நாள், பொழுது சாய்கிற நேரம், பிரபு சந்துக்கு வந்தான். அக்னஸின் விபத்துக்குப் பிறகு அவன் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. தொம்மை உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பிரபு அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"அக்கா, அந்த ஸ்டவ்வைக் குடு. கடைக்காரரு கேக்கறாரு. ஆஸ்பத்திரிச் செலவு பூரா அவரே பாத்துக்கறாராம். இந்த கேஸு பேஜாரெல்லாம் வேணாங்கறாரு."

"அவருக்கு எதுக்குடா வெந்து போன ஸ்டவ்வு?"

"தெரியல. கேட்டாரு."

"தெரியாம எப்படிடா வாங்கியாறேன்னு வந்த?"

அவன் பதில் சொல்வதற்குள் சந்து முனையில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவன் கையில் சைக்கிள் செயின், ஒருவன் கையில் இரும்புக் குழாய். மூன்றாவது ஆள் வெறுங்கையோடு வந்தான். வாசலில் நின்ற பிரபுவை ஒருவன் தோளால் இடித்தான்.

"இன்னா, இன்னும் வாங்கலியா நீ? ஜல்தி ஆவுட்டும்னு அண்ணன் சொல்லிக்கினு கீறாரு. தள்ளு."

உள்ளே புகுந்தார்கள். குறுக்கே வந்த அக்னஸைக் குழாய்க்காரன் கழுத்தில் கை வைத்துத் தள்ளினான். ஒட்டுப் போட்ட இடம். அவள் கண் இருட்டி ஆட்டுக்கல் மேல் விழுந்தாள். இன்னொருவன் பானையை உதைத்தான், பெட்டியைக் கவிழ்த்தான். மூலையில் இருந்த கோணி மூட்டையைப் பார்த்துவிட்டான்.

அவன் கை வைப்பதற்குள் தொம்மை தரையில் உடம்பை இழுத்துக்கொண்டே போய் அதன் மேல் கவிழ்ந்து படுத்தான். இரண்டு கையாலும் மூட்டையை வயிற்றுக்கடியில் சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"வுட்ரா டேய்!"

செயின் அவன் முதுகில் விழுந்தது. சட்டை கிழிந்தது. மறுபடி விழுந்தபோது தோல் கிழிந்தது. குழாயால் விலாவில் குத்தினான் மற்றவன். தொம்மை 'அம்மா' என்றான், கையை எடுக்கவில்லை. ஒருவன் அவன் உடைந்த முட்டி மேல் ஏறி நின்று மிதித்தான். தொம்மை பல்லைக் கடித்து மண்ணில் முகத்தைத் தேய்த்தான், கையை எடுக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார்கள். தீயில் வெந்து கோணலாக ஒட்டிப் போயிருந்த விரல்கள் பிரிய மறுத்தன.

பிரபு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கீழே கிடந்த அக்னஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஏதோ இடிந்து விழுவது அவளுக்குத் தெரிந்தது. கொளுத்தினவனாக இருந்தால் அந்த அடுப்பு தொலைந்ததும் நிம்மதியாக இருப்பானே. எதற்காக உயிரைக் கொடுத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறான்? ஒன்றும் தெரியாத கடைக்காரன் எதற்கு அதைப் பிடுங்க ஆள் அனுப்புகிறான்?

பிரபு ஆட்டுக்கல்லிலிருந்த குழவியை இரண்டு கையாலும் உருவினான். செயின்காரனின் தோளில் ஓங்கிப் போட்டான். எலும்பு முறிகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. செயின் கீழே விழுந்தது. குழாய்க்காரன் திரும்பி வீசினான். பிரபுவின் நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. கண் தெரியாமலே குழாய்க்காரனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு சுவரில் கொண்டுபோய் மோதினான். வெறுங்கையோடு வந்தவன் அப்போதுதான் மடியிலிருந்து கத்தியை எடுத்தான். பிரபுவின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரே இழுப்பு. ரத்தம் சுவரில் தெறித்தது.

"ஏய்! கொல்றானுங்கடீ! வாங்கடீ!" என்று கெங்கம்மாள் தெருவில் நின்று கத்தினாள். சந்து திரண்டது. அன்றைக்குத் தொம்மையைப் பாவி என்று சொன்ன அதே சந்து. விறகுக் கட்டையும் துடைப்பமுமாக வந்தார்கள். கத்திக்காரன் கூரை ஓடு உடைய ஏறிக் குதித்து ஓடினான். மற்ற இருவரையும் தெருவில் போட்டு மிதித்தார்கள். தோள் முறிந்தவன், "மாசிலாமணி அண்ணன்தான் அனுப்பினாரு, வுட்டுடுங்க, கை போச்சி," என்று அழுதான். அழுத பிறகும் விடவில்லை. அக்னஸ் வெளியே வந்து நடுவில் விழுந்த பிறகுதான் விட்டார்கள். அவளுக்கு அவன் மேல் இரக்கம் இல்லை. அவன் செத்துவிட்டால் அந்தப் பழியும் தன் புருஷன் தலையில்தான் விழும் என்று பயந்தாள்.

மறுநாள் விழுப்புரம் மன்றத்துக்குள் அவர்கள் மூன்று பேரும் நுழைந்தபோது பேச்சு நின்றுபோனது. முன்னால் அக்னஸ். பின்னால் முதுகெல்லாம் பஞ்சு ஒட்டியபடி தொம்மை, அடுப்பு மூட்டையைப் பிள்ளையைப் போல் இடுப்பில் வைத்திருந்தான். அவனுக்குப் பின்னால் தலையிலும் கையிலும் கட்டோடு பிரபு.

யாரும் கூப்பிடாமலே பிரபு கூண்டு மாதிரியிருந்த மரத்தடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"நான் குடுத்த வாக்குமூலம் பொய்ங்க. நான் கண்ணால ஒண்ணும் பாக்கல. ஊரு சொன்னத்த நம்பினேன், அப்பறம் இவரு சொன்னத்த நம்பினேன். நேத்து இந்த ஸ்டவ்வப் புடுங்க இவரு ஆள் அனுப்பினாருங்க."

வக்கீல் எழுந்தார். தலைவர் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். பார்க்காததைப் பார்த்ததாகப் பிரமாணம் செய்தால் ஜெயிலுக்குப் போக வேண்டிவரும் என்று பிரபுவைக் கடுமையாக எச்சரித்தார். பிறகு அடுப்பு மேஜைக்கு வந்தது. துணி சுற்றி, எல்லார் முன்னாலும் அரக்கு உருக்கி முத்திரை வைத்தார்கள்.

சென்னையிலிருந்து அறிக்கை வரப் பல மாதம் ஆயிற்று. வந்தபோது மாசிலாமணியின் பக்கம் பேச ஒன்றும் மிஞ்சவில்லை. டேங்கின் தகடு இருக்க வேண்டிய கனத்தில் பாதிதான். அடியில் பற்றவைத்தது அரைகுறை. உள்ளே காற்று அழுத்தம் ஏறினால் பிளக்காமல் இருக்க வழியில்லை. மேலே குத்தியிருந்த தர முத்திரை போலி. கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் பழைய தகட்டை வைத்து அவரே ஸ்டவ் செய்து, பெயர் போன கம்பெனி மாதிரி விற்றுக்கொண்டிருந்தது அப்புறம் வெளியே வந்தது.

தீர்ப்பு இங்கிலீஷில் இருந்தது. தலைவர் படித்து முடித்ததும் அக்னஸ் அசையாமல் நின்றாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று பிரபாவதிக்குப் புரிந்தது.

"அடுப்பு விலையை வட்டியோட திருப்பித் தரணும். உங்களுக்கு நஷ்டஈடு தரணும். செலவுத் தொகையும் தரணும். சந்தோஷமாம்மா?"

"வெடிச்சதுன்னு எழுதியிருக்காங்களாம்மா?"

"எழுதியிருக்கு. அடுப்பு தயாரிப்புக் கோளாறால தானா வெடிச்சுது. வேற யாரும் தீ வெச்சதா சொல்றதுக்கு எந்த ஆதாரமும் இல்ல."

"இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா. கொஞ்சம் சத்தமா."

பிரபாவதி தலைவரைப் பார்த்தார். அவர் வேறு காகிதக் கட்டைப் பிரிப்பது போல் குனிந்துகொண்டார். அந்த அம்மா கூடம் முழுக்கக் கேட்கும்படி மறுபடி சொன்னார். தொம்மை சுவரோரம் சரிந்து உட்கார்ந்து, அந்தக் கோணல் விரல்களால் முகத்தை மூடிக்கொண்டான்.

மாசிலாமணி தீர்ப்பை மதிக்கவில்லை. கெடு முடிந்தும் ஒன்றும் வரவில்லை. மன்றத்து ஆபீஸில் அதே ஆள் அக்னஸுக்கு இன்னொரு மனு எழுதிக் கொடுத்தார்; உத்தரவை மீறினால் மன்றமே ஜெயிலுக்கு அனுப்பலாம் என்றார். வாரண்ட் வந்தது. கடைத்தெருவே பார்க்க, போலீஸ்காரர்கள் அவரைக் கல்லாவிலிருந்து இறக்கி ஜீப்பில் ஏற்றினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அவர் மகன் முழுத்தொகையையும் விழுப்புரத்தில் கொண்டுபோய்க் கட்டினான். ஆள் அனுப்பி அடித்த வழக்கும் கொட்டகை வழக்கும் தனியாக நடந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, பிரபு இருதயசெல்வியைக் கூட்டிக்கொண்டு வந்தான். குழந்தையைக் கெங்கம்மாள் வீட்டில் விட்டுவிட்டு, தனியாக வாசலில் வந்து நின்றான். தொம்மை கட்டிலில் இருந்தான்.

"மாமா."

தொம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்னை அடிங்க மாமா. எவ்ளோ வேணுமோ அடிங்க."

"அடிக்க மாட்டேன்னு நெனச்சிக்கினு வந்தியா?" என்றான் தொம்மை.

எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். முதல் குத்து வாயில் விழுந்தது. பிரபு தள்ளாடிப் போய், திரும்ப வந்து அதே இடத்தில் நின்றான். இரண்டாவது மூக்கில். ரத்தம் கொட்டியது. பிரபு முட்டி போட்டான். தொம்மை அவன் தலைமுடியைப் பிடித்துத் தலையைத் தூக்கி மாற்றி மாற்றி அறைந்தான். அறையும்போதே அழுதான். "மூட்டை தூக்குவேன்டா நான்! ஒத்தை ஆளா தூக்குவேன்! எம் புள்ள என்னைப் பாத்து ஓடுதுடா!" என்று ஒவ்வொரு அறைக்கும் கத்தினான்.

அக்னஸ் கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். தம்பிக்கு இது வேண்டும் என்று ஒரு மனசு சொன்னது. அவனுக்குச் சோறூட்டிய மனசு தாங்கவில்லை. கை தளராமல் தொம்மை மறுபடி ஓங்கியபோது அவள் நடுவில் வந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"போதும்."

"வுடு அக்னசு."

"போதும்னேன். இன்னியோட முடிஞ்சிது. இந்த வூட்ல இனிமே யாரு மேலயும் யாரும் கை வெக்கக் கூடாது." அவன் கையை விடாமல் அவன் கண்ணைப் பார்த்தாள். "என் மேலயும்."

தொம்மை அவளைப் பார்த்தான். அவன் வாய் கோணியது. கையைத் தொங்கவிட்டான்.

"கோர்ட்டுல நீ கொளுத்தலைன்னு சொன்னாங்க. அடிக்கலைன்னு சொல்லல. அத்த நான்தான் சொல்லணும். இன்னொரு வாட்டி கை நீட்டினா நானும் எம் புள்ளையும் போயிடுவோம்."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். பிரபு தரையில் உட்கார்ந்து பல்லைத் துப்பிக்கொண்டிருந்தான். அக்னஸ் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் முகத்தைக் கழுவினாள். பிறகு எதிர்வீட்டுக்குப் போய் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள்.

இருதயசெல்வி வாசல்படிக்கு மேல் வரவில்லை. அம்மாவின் புடவைக்குப் பின்னாலிருந்து அப்பாவைப் பார்த்தாள். தொம்மை கூப்பிடவில்லை, கூப்பிட்டால் ஓடிவிடுவாளோ என்று பயந்து மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தான்.

"ஸ்டவ்தான் வெடிச்சிதாம்மா?" என்று குழந்தை கேட்டது.

"ஸ்டவ்தான் வெடிச்சிது."

"அப்பா கை ஏன் அப்படிக் கீது?"

"நீயே கேளு."

குழந்தை கேட்கவில்லை. ஆனால் ஓடவும் இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, பக்கத்தில் ஜோடியாக வைத்தாள்.